ஜனவரி கடைசியில் இரண்டரை நாள்: தஞ்சை, கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் – எதை வைப்பது, எதை விடுவது?

நொய்யல்கரை:

வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு கோவையிலிருந்து டெல்டா பக்கம் வரத் திட்டம். கூட வருவது அம்மா (67 வயது, முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பார்), எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். பரிகாரம், நவக்கிரகச் சுற்று எதுவும் வேண்டாம். கட்டடம், சிற்பம், கல்வெட்டு பார்ப்பதுதான் நோக்கம்.

நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல்: பெரிய கோயில், அரண்மனை, கல்லணை, மனோரா, தாராசுரம், திருபுவனம், கங்கைகொண்ட சோழபுரம், பூம்புகார், தரங்கம்பாடி. மேப்பில் போட்டுப் பார்த்தால் கார் ஓடும் நேரம் அப்படியொன்றும் அதிகமில்லை. முடியுமா? எங்கே தங்குவது, வண்டி எப்படிப் பேசுவது என்றும் சொல்லுங்கள்.

குடமுருட்டி:

முடியாது. மேப் காட்டுவது சாலை நேரம். இங்கே கணக்குப் போட வேண்டியது நடை சாத்தும் நேரம். டெல்டாவில் ஏறக்குறைய எல்லாக் கோயிலும் மதியம் 12, 12.30க்குச் சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். அதாவது ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஆறு மணி நேரம், மாலையில் வெளிச்சம் இருக்கும் இரண்டு மணி நேரம். அந்த நான்கு மணி நேர இடைவெளியில் கோயில் அல்லாத இடங்களை வைத்தால் திட்டம் உட்காரும். இல்லையென்றால் பூட்டிய கதவின் முன்னால் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலில் கழிக்க வேண்டியவை. மனோரா 1814இல் இரண்டாம் சரபோஜி கட்டியது, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக. அழகான கட்டடம்தான், ஆனால் பேராவூரணி தாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. போய்வர அரை நாள் போய்விடும். கல்லணை திருச்சிப் பக்கம், திருச்சி வழியாகக் காரில் வருகிறவர்களுக்குத்தான் தோதுப்படும். பூம்புகாரில் கீழையூர்ப் படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும் பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும்தான் கண்ணில் படும், மீதி கடலுக்குள். சங்க இலக்கியம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதாது. திருபுவனம் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய நல்ல கோயில். ஆனால் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கும்போது மூன்றாவதாக அதையும் சேர்த்தால் எல்லாம் கலங்கிவிடும்.

இனி நாள்வாரியாக.

வெள்ளி: கோவை–மயிலாடுதுறை ஜன சதாப்தியில் வாருங்கள். காலையில் கிளம்பி நண்பகலை ஒட்டித் தஞ்சாவூரில் இறக்கிவிடும். கோயில் சாத்தும் நேரம் என்பதால் அதுவே வசதி. ரயிலடிக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடுவில் அறை எடுங்கள். புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ. சாப்பிட்டுவிட்டு 1.30க்கு அரண்மனை: கலைக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்கு அரை மணி. நூலகத்துக்குப் புதன் விடுமுறை, உங்களுக்குப் பிரச்சினை இல்லை. 4.15க்குப் பெரிய கோயில், இருட்டும் வரை.

கிளம்பும் முன் அந்த வெள்ளியன்று பிரதோஷம் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வந்தால் மாலை முழுக்க நந்தி மண்டபத்தைச் சுற்றிக் கூட்டம் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு மாலையை விட்டுவிட்டு மறுநாள் காலையை நம்பலாம்.

சனி: காலை 6.15க்கு மறுபடியும் பெரிய கோயில். அந்த நேரத்தில் ஆள் இருக்காது. கிழக்குப் பார்த்த கோயில், ஜனவரியில் சூரியன் 6.35 வாக்கில் எழும். முதல் வெயில் விமானத்தின் முகப்பில் விழும்போது கல் தேன் நிறம் காட்டும். 8 மணிக்கு டிபன், அறையைக் காலி செய்துவிட்டு 9.30க்கு பசுபதிகோவில் அருகே புள்ளமங்கை. 10.45க்குத் தாராசுரம். மதியம் கும்பகோணத்தில் சாப்பாடு, அறை, ஓய்வு. 3 மணிக்கு சுவாமிமலைச் சிலைப் பட்டறை, அங்கிருந்து திருவலஞ்சுழிக் கோயில்.

ஞாயிறு: 6.45க்குக் கிளம்பி அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். சுமார் 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். 10.30 வரை கோயில், பிறகு மாளிகைமேடு, 12 மணிக்குக் கும்பகோணம். மூன்று மணிக்குப் பிறகு அதே ஜன சதாப்தியில் ஏறினால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கோவை.

தரங்கம்பாடியை நான் சேர்க்கவில்லை.

அரசலாறு:

குடமுருட்டி சொன்ன எலும்புக்கூடு சரி. ஒரு இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். தாராசுரத்தை 10.45க்கும் 12க்கும் நடுவில் செருகுவது அநியாயம். மூன்று சோழர் கோயில்களில் அளவில் சின்னது அதுதான், ஆனால் அதிக நேரம் கேட்பதும் அதுதான். அதை மாலை 4 மணிக்கு மாற்றிவிட்டு, திருவலஞ்சுழியைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். தஞ்சாவூரிலிருந்து வரும் வழியில் அது முதலில் வருகிறது, சுற்றிப் போக வேண்டாம்.

தாராசுரத்தில் பார்க்க வேண்டிய வரிசை இது. இரண்டாம் இராசராசன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு. உள்ளே போனதும் எல்லோரும் தேர்ச் சக்கரம், குதிரை, தட்டினால் சுரம் எழுப்பும் படி என்று முன்பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். படியைக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள், தட்டிப் பார்க்க முடியாது, அங்கே நேரம் போக்காதீர்கள். நேரே கருவறையின் புறச்சுவருக்குப் போங்கள். கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பத் தொகுதிகள் ஓடும். நாயன்மார்கள் கதைகள், மேலே பெயர்க் குறிப்புகளோடு. கண்ணப்பர், முதலையுண்ட பாலகனை மீட்ட சுந்தரர் என்று தெரிந்த கதைகளை மகளே கண்டுபிடிக்க விடுங்கள். இடுப்புக்குக் கீழே இருப்பதால் உட்கார்ந்து பார்ப்பதுதான் வசதி. பெரியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் வரிசை இது.

பிறகு மண்டபத் தூண்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மூன்று முகம், எட்டுக் கையோடு ஒரு அர்த்தநாரி இருக்கிறார், அவரையும் விடாதீர்கள்.

சில மாடங்கள் காலியாக இருக்கும். காரணம் தெரியாமல் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அங்கிருந்த சிற்பங்களில் முக்கியமான சில தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளன: யானையை உரித்த கஜசம்ஹாரர், கங்காளரும் (எலும்பு தாங்கிய சிவன்) முனிவர் மனைவியரும் சேர்ந்த தொகுதி. அதனால்தான் கலைக்கூடம் முதல்நாளிலேயே வருவது நல்லது. அங்கேயே கல்யாணபுரத்துத் துவாரபாலகரையும் தேடிப் பாருங்கள். சாளுக்கியர் தலைநகரை எரித்து முதலாம் இராசாதிராசன் கொண்டுவந்தது, பீடத்தில் அந்தச் செய்தியே வெட்டியிருக்கிறது. தாராசுரத்தில் நின்றுகொண்டிருந்தவர்தான் அவரும். சோழர் துவாரபாலகர் பக்கத்தில் அவரை வைத்துப் பார்த்தால் முகமும் நகையும் வேறு ஊர் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். செப்புத் திருமேனிகளில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். காளை இப்போது இல்லை, சாய்ந்து ஊன்றிய கை மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

அம்மாவுக்கு: தாராசுரம் கோயில் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது, இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் கட்டும், ஜனவரி கடைசியில் வடிந்திருக்கும். மண்டபத்துக்கு ஏறும் படி செங்குத்து. ஏற முடியாவிட்டாலும் நாயன்மார் வரிசை முழுவதும் தரையில் நின்றே பார்க்கலாம்.

நொய்யல்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. தாராசுரம் மாலைக்கு மாறியாச்சு. இன்னும் மூன்று சந்தேகம். பெரிய கோயிலில் கைடு வைக்கலாமா? கல்வெட்டை நாமே படிக்க முடியுமா, மகளுக்கு அதில்தான் ஆர்வம். சுவாமிமலையில் சிலை வார்ப்பு நேரில் பார்க்கக் கிடைக்குமா?

வட்டெழுத்து:

கைடு வைக்கலாம். பேரம் பேசும்போதே ஒன்று கேளுங்கள்: விமானத்தின் நிழல் தரையில் விழுமா? விழாது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். விழும், மாலையில் போய் நின்றால் நீங்களே பார்ப்பீர்கள். உச்சிக் கல் ஒரே கல், 80 டன் என்பதும் அந்த வகைதான். அது பல கற்களைப் பொருத்திச் செய்தது.

கல்வெட்டு. பெரிய கோயிலில் இருப்பது பெரும்பாலும் தமிழ் எழுத்து, வடமொழிச் சொற்கள் வரும் இடத்தில் கிரந்தம். கி.பி. 1010இல், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் இராசராசன் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த செய்தி இங்கேதான் இருக்கிறது. தான் கொடுத்தது, தன் அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டுக என்று அவன் சொன்ன ஆணை வடபுறத்தில், விமானத்தின் அடித்தளத்தில் தொடங்குகிறது. அக்கன் என்றால் குந்தவை. ஆட்டக்காரப் பெண்கள் 400 பேரின் பெயர், ஊர், வீட்டு எண் உட்பட ஒரு பட்டியலும் இந்தக் கோயில் கல்வெட்டுகளில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதவு எண்.

படிப்பதில் மூன்று சிக்கல். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. ஏகார, ஓகார நெடில் தனியாகத் தெரியாது. க, ட, த, ப, ம, ர, வ, ன இவற்றின் அந்தக்கால வடிவத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எதிர்பார்க்கும் சொல்லைத் தேடுவதுதான் வழி. "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும் இடம், "ஸ்ரீராஜராஜ தேவர்", "குடுத்த" ஆகிய மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை மீதியைத் தானே துழாவும்.

வெளிச்சம்தான் பெரிய விஷயம். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தென்சுவருக்கு நாள் முழுக்க வெயில், வடசுவருக்குக் கிடையாது. எழுத்து தெரிவதற்கு நேர் வெளிச்சம் உதவாது, பக்கவாட்டில் விழ வேண்டும். செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, எழுத்துக்கு இடமோ வலமோ ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். எழுத்து தெரிய மாவு, விபூதி, சாக்பீஸ் எதையும் பூசக் கூடாது. கல் நுண்துளைகளில் புகுந்தால் கழுவினாலும் போகாது, தொல்லியல் துறை ஆள் பார்த்தால் சத்தமும் போடுவார்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தவை. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, மேல்தளத்து 81 கரணச் (நடன நிலை) சிற்பங்களுக்கும் அப்படியே. அதற்காக யாரிடமும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறை விளக்கக்கூடத்தில் நகல்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

நுழைவாயிலையும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். இரண்டாவது கோபுரமான இராசராசன் திருவாயிலின் துவாரபாலகர் காலடியில் யானையை விழுங்கும் பாம்பு இருக்கிறது. யானை எவ்வளவு பெரியது, அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அதைக் காலடியில் வைத்தவர், அவர் காக்கும் உள்ளிருப்பவர் என்று அளவை ஏற்றிக்கொண்டே போகிற கணக்கு. அதே கோபுரத்தின் அடிப்பகுதியில் திரிபுரம் எரித்தது, மார்க்கண்டேயன், கண்ணப்பன் எல்லாம் சின்ன அளவில் இருக்கும்.

சுவாமிமலை பற்றி: உலோகம் ஊற்றுவது தினம் நடக்காது. பட்டறைக்கு முன்கூட்டியே போன் செய்து, அன்று ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். ஊற்றாத நாளிலும் மற்ற வேலை நடக்கும். தென்னை ஓலையை மடித்துத் தால அளவு (சிலையின் உடல் விகிதம்) எடுப்பது, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவது, சுட்டு மெழுகை வடித்தெடுப்பது, கடைசியில் உளி வேலை. முதல் பூச்சு வண்டல்தான் முக்கியம். அது பொடி மாவாக இருந்தால்தான் மெழுகிலுள்ள கைரேகை அளவு நுணுக்கமும் உலோகத்தில் இறங்கும். பார்க்கப் போனால் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் முதலிலேயே வேலையைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்லிவிடுவது மரியாதை. மதியச் சாப்பாட்டு நேரம் தவிர்த்து 2.30க்குப் போனால் ஆள் இருப்பார்கள், அங்கிருந்து தாராசுரம் பக்கம்தான்.

குடமுருட்டி:

அரசலாறு சொன்ன மாற்றம் சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளமங்கை பற்றி இரண்டு வரி சேர்க்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்துச் சின்னக் கோயில். கருவறையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் நிற்கும் அடித்தளத்தில் சாண் அளவுச் சிற்பங்களாக ராமாயணம். சாண் அளவுதான், ஆனால் ஓடுகிறவன் ஓடுவது தெரியும். வடபுறத்துத் துர்க்கையைக் கட்டாயம் பாருங்கள். சின்ன ஊர்க் கோயில் என்பதால் குருக்கள் பூசை முடித்துப் போயிருக்கலாம். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள், தட்டில் ஏதாவது போடுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் தஞ்சை விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். தஞ்சையில் விளிம்பு நேராக ஏறும், இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். வடக்குப் படிக்கட்டுப் பக்கம் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சுற்றும் சிற்பம், எதிரில் ஞான சரஸ்வதி. மண்டபத்துக்குள் தாமரை வடிவ நவக்கிரகம், அதுவும் சாளுக்கிய நாட்டுக் கைவண்ணம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கலைக்கூடத்தில் துவாரபாலகரைப் பார்த்திருந்தால் இது உடனே பிடிபடும்.

வெளி மதில் ஏன் சிதைந்து கிடக்கிறது என்று மகள் கேட்பாள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இங்கிருந்து கல்லை எடுத்துப் போனார்கள். நீங்கள் வரும் வழியில் கடக்கும் அணைக்கரை அதுதான். அங்கே பழைய பாலம் குறுகல், எதிரே வண்டி வந்தால் காத்திருக்க நேரும், கால் மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும்தான். இருபது நிமிடம்.

உப்பனாற்றங்கரை:

தரங்கம்பாடியை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். கோயில் பார்த்துக் களைத்துப் போகும் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் ஒரு மாற்றம் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பதில் இங்கே கொடுக்கலாம். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

கும்பகோணத்தில் 6.30க்குக் கிளம்பினால் மயிலாடுதுறை வழியாக 8.30க்கு வந்துவிடலாம். 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. வலமும் இடமும் 1701ஆம் ஆண்டுச் சீயோன் தேவாலயம், சீகன்பால்க் கட்டிய 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் தேவாலயம். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும் என்பதால் வெளியிலிருந்து பாருங்கள், கேமராவோடு உள்ளே போகாதீர்கள். கடைசியில் கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. கடல் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. பக்கத்திலேயே 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை. உள்ளே அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத்தான் திறக்கும், வெள்ளி விடுமுறை. 11.30க்குக் கிளம்பினால் மயிலாடுதுறையில் சாப்பிட்டுவிட்டு ஜன சதாப்தியைப் புறப்படும் இடத்திலேயே பிடிக்கலாம். இடையில் திருக்கடையூர். முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டத்தில் சாலை அடைத்துக்கொள்ளும். அரை மணி கையிருப்பு இல்லாமல் ரயிலுக்குக் கிளம்பாதீர்கள்.

அம்மாவுக்கு இந்த ஊர் சுலபம். எல்லாம் சமதளம், ஒரே தெரு.

நொய்யல்கரை:

மகளிடம் கேட்டேன், கங்கைகொண்ட சோழபுரம்தான் வேண்டுமாம். தரங்கம்பாடி அடுத்த முறை. வண்டி பற்றி யாராவது?

அரசலாறு:

வெளியூர் வாடகைக் கணக்கில் பேசாதீர்கள். அதில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குக் காசு கேட்பார்கள். உங்கள் சனிக்கிழமை ஓட்டம் மொத்தமே 60, 65 கிலோமீட்டர், ஞாயிறு 75, 80. "எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்ற உள்ளூர்க் கணக்கில் பேசுங்கள். சனி காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆவதால் கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தஞ்சை வண்டி கும்பகோணத்தில் விட்டுப்போனால் காலியாகத் திரும்பும் 40 கிலோமீட்டரும் உங்கள் தலையில்தான். கும்பகோணம் வண்டியைத் தஞ்சைக்கு வரவழைத்தாலும் அதே 40. ஆனால் இரண்டாவதில் ஞாயிறும் அதே டிரைவர் வருவார், அது நல்லது. வெள்ளிக்கிழமைக்குக் கார் தேவையில்லை, ஆட்டோ போதும்.

தேதியை உறுதி செய்யும் முன் திருவையாறு தியாகராஜர் ஆராதனை எப்போது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும், அந்த ஐந்து நாளும் தஞ்சையில் அறை கிடைப்பது கஷ்டம். கும்பகோணத்தில் அறையை நிரப்புவது முகூர்த்த நாளும் வாரக்கடைசி நவக்கிரகச் சுற்றும். ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள், லிப்ட் உண்டா என்று கேட்டுப் போடுங்கள்.

அது சம்பா அறுவடைக் காலம். கிராமச் சாலைகளில் நெல் காயும், அறுவடை இயந்திரமும் டிராக்டரும் எதிரே வரும், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி நிற்கும். மேப் சொல்லும் நேரத்தோடு காலே அரைக்கால் பங்கு (எட்டில் மூன்று) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால் சுடும் என்ற கவலை ஜனவரியில் பெரிதாக வேண்டாம். ஆனாலும் பதினொரு மணிக்கு மேல் கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்தளம் சூடேறிவிடும். அம்மாவுக்குத் தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள், செருப்பு கூடாது, சாக்ஸுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜன சதாப்தியில் உட்காரும் இருக்கை மட்டும்தான். அம்மா படுக்க வேண்டும் என்றால் ஞாயிறு இரவு வேறு ரயில் பாருங்கள். அப்படியானால் மாலையில் கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் மாடச் சிற்பங்களையும் பார்த்துவிடலாம், 4 மணிக்கு நடை திறந்ததும் போய்விடுங்கள், வெளிச்சம் போனபின் அந்தச் சிற்பங்களில் முகம் தெரியாது.